முகவரியைக் காப்பாற்றி என்ன பயன்?

2025 ஜூலை 8 அன்று மோசில்லா நிறுவனம் பாக்கெட்டை மூடியது. 2007இல் 'ரீட் இட் லேட்டர்' என்ற பெயரில் தொடங்கி, 'அப்புறம் படிக்கலாம்' என்று நாம் ஒதுக்கிவைத்ததையெல்லாம் சுமந்த சேவை அது. மூடும் அறிவிப்பு வந்ததுமே அடுத்து எதற்கு மாறுவது என்ற சிபாரிசுகள் குவிந்தன. ரெயின்டிராப், வாலபேக், லிங்க்டிங், ஃப்ளாக்கஸ் என்று வரிசைகட்டி, எத்தனை பிரவுசரில் ஓடும், போனில் உண்டா, டேக் போடலாமா, ஏஐ சுருக்கம் தருமா என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். பெரும்பாலான பட்டியல்களில் முதல் தகுதி ஒன்றுதான்: எல்லாக் கருவிகளிலும் ஒரே பட்டியலைக் காட்டும் சிங்க்.

சிங்க்கின் வசதியை யாரும் மறுக்கப்போவதில்லை. குரோம் தன் கணக்குக்குள்ளும் ஃபயர்ஃபாக்ஸ் தன் கணக்குக்குள்ளும்தான் புக்மார்க்குகளைக் கொண்டுசேர்க்கும். அலுவலகத்தில் ஒன்றும் வீட்டில் இன்னொன்றும் வைத்திருப்பவர் நடுவில் மாட்டிக்கொள்வார். அந்த வேலியைத் தாண்டவைத்த எக்ஸ்மார்க்ஸ் 2018 மே 1இல் நின்றுபோனது. இன்று ஃப்ளாக்கஸ் அதை இலவசமாகவே செய்கிறது. கூகுள் டிரைவோ நெக்ஸ்ட்கிளவுடோ இருந்தால் போதும். ரெயின்டிராப் பார்க்க அழகு, பழக எளிது.  

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை பத்திரமாகப் பார்த்துக்கொள்வது பக்கத்தை அல்ல, பக்கத்தின் முகவரியை. ஆள் காலிசெய்துவிட்டுப் போன வீட்டின் கதவு எண்ணை நான்கு கருவிகளில் ஒரே மாதிரி எழுதிவைப்பதைத்தான் சேமிப்பு என்கிறார்கள்.

திருவண்ணாமலையைப் பற்றிப் பல வருடங்களாகச் சேகரிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிரிவலப் பாதையின் அஷ்டலிங்கங்கள், வல்லாள மகாராஜன் கதை, அருணகிரிநாதர், ரமணர் என்று தமிழில் எழுதப்பட்டவற்றில் பல வலைப்பதிவுகளில் கிடந்தன. அவற்றில் மிகப் பல பிளாக்ஸ்பாட்டில். 2012இல் கூகுள் ஒரு வேலை செய்தது. இந்தியாவிலிருந்து பிளாக்ஸ்பாட் பதிவைத் திறப்பவர்களை 'டாட் காம்' முகவரியிலிருந்து 'டாட் இன்' முகவரிக்குத் திருப்பிவிட்டது. 2018 வரை இது நீடித்தது. அந்த ஆறு வருடங்களில் இங்கே உட்கார்ந்து புக்மார்க் நட்சத்திரத்தை அழுத்தியவர் சேமித்ததெல்லாம் பெரும்பாலும் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' முகவரிகள். 2020இல் அந்தப் பெயரைப் புதுப்பிக்காமல் கூகுள் கைநழுவவிட்டது. பதிவு டாட் காமில் அப்படியே இருந்தாலும், அதற்குப் போகும் வழி அடைபட்டுப்போயிற்று.

இப்போது சிங்க் என்ன செய்யும்? செல்லாத முகவரியைப் போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரு எழுத்து பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். 'உடைந்த இணைப்புகளைக் கண்டுபிடித்து நீக்கும்' வசதி என்று பெருமையாக விளம்பரப்படுத்துகிறார்களே, அது இன்னும் மோசம். பதிவைத் தேடிப்பிடிக்க மிச்சமிருந்த ஒரே தடயத்தையும் துடைத்தெடுத்து, அந்த நீக்கத்தையும் எல்லாக் கருவிகளுக்கும் சிங்க் செய்துவிடும்.

இது ஒரே ஒரு விபத்து என்று சமாதானம் சொல்ல முடியாது. தமிழ் இணையத்தின் ஆரம்பகாலப் பக்கங்கள் பல இருந்த யாகூ ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் வலைப்பதிவுத் திரட்டி இப்போது இயங்கவில்லை. அறநிலையத்துறைத் தளமே முகவரி மாறியிருக்கிறது. அண்ணாமலையார் கோயில் பற்றி அங்கே குறித்துவைத்த பழைய இணைப்புகள் எங்கே போய் நிற்கும் என்று அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல்போனதாக பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குக் கொடுத்தது. ஆனால் அதே அண்ணாமலையார் கோயிலின் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990 வாக்கில் அச்சிட்ட தொகுதிகள் நூலக அலமாரியில் இன்றும் திறக்கின்றன.

நகலும் எடுத்துவைக்கும் சேவைகள் உண்டே என்பார்கள். உண்டு, ரெயின்டிராப் காசு கட்டியவர்களுக்கு நிரந்தர நகல் தருகிறது. பாக்கெட்டும் பிரீமியம் சந்தாதாரர்களுக்கு 'நிரந்தர நூலகம்' தந்தது. கடையைக் கட்டியபோது அவர்கள் கையில் கிடைத்த ஏற்றுமதிக் கோப்பில் தலைப்பு இருந்தது, முகவரி இருந்தது, டேக் இருந்தது; கட்டுரையின் வாசகம் இல்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்துவைக்கும் வேபேக் மெஷின் இருக்கிறதே என்றால், அது பெரிய கொடைதான். ஆனால் யாரும் போய் எடுக்காத பக்கம் அதில் இருக்காது. நாலு பேர் படித்த தமிழ்ப் பதிவு ஒவ்வொன்றும் அங்கே இருக்கும் என்று நம்புவது அசட்டுத்தனம்.

ஆகவே மென்பொருள் தேர்வில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பக்கத்தின் நகலை என் ஹார்ட் டிஸ்க்கில் தருவாயா என்பது. இரண்டாவது, மொத்தத்தையும் ஒரு கோப்பாக வெளியே எடுக்க விடுவாயா என்பது. சிங்க், டேக், ஏஐ எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையில் பார்த்தால் சொந்த சர்வரில் ஓடும் லிங்க்டிங்கும் வாலபேக்கும் மேலே வரும். சர்வர் வைக்கத் தெரியாதவருக்கு 'சிங்கிள்ஃபைல்' என்ற இலவச எக்ஸ்டென்ஷன் போதும்; படங்களோடு பக்கத்தை ஒரே எச்டிஎம்எல் கோப்பாக்கித் தந்துவிடும். அதற்குச் சிங்க் தெரியாது. மதிப்பெண் பட்டியல்களில் அதற்கு இடம் கிடைக்காமல்போனதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ புக்மார்க்குகளை ஏற்றுமதி செய்து, வரும் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியிலேயே நெட்ஸ்கேப் என்ற பெயர் இருக்கும். 2008இல் ஆதரவு நிறுத்தப்பட்ட பிரவுசரின் கோப்பு வடிவம்தான் இன்னும் எல்லோருக்கும் பொது. அந்தக் கோப்பின் ஒரு நகலைப் பென்டிரைவில் போட்டுவிட்டு, 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' கொடுத்து 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' வரும் இடமெல்லாம் 'டாட் காம்' ஆக்கித் திரும்ப ஏற்றுங்கள். திறக்கும் பதிவுகளை அன்றைக்கே சிங்கிள்ஃபைலில் சேமித்துவிடுங்கள். எந்த மென்பொருளுக்கு மாறலாம் என்று அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.