விறாந்தைக் கட்டில்

பகலில் ஒரு மணித்தியாலம் சரிந்து கிடக்க ஒரு கட்டில் வேண்டும் என்பது எங்கள் கற்பிட்டிக் கரையில் ஆடம்பரமல்ல. விடியுமுன் கடலுக்குப் போய் வந்தவன் மதியத்தில் படுக்காமல் எப்போது படுப்பான்? பாயும் சாக்குக் கட்டிலும் அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்து வந்தன. இப்போது உச்சமுனைத் தீவுக்காரர் வீடு கட்டினால் விறாந்தைக்கு ‘நல்லதாக ஒன்று’ தேடுகிறார்கள். பழையதா, நடுத்தர வயதுடையதா, புதியதா என்று கேட்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

பழமைக்கு ஆளுக்கொரு அளவு உண்டு. மேல்நாட்டு வியாபாரி 100 ஆண்டு என்பார். இலங்கையில் 1940இல் வந்த தொல்பொருள் கட்டளைச் சட்டமோ 1815 மார்ச் 2 என்று கோடு கிழித்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அந்தக் கோட்டுக்கு முந்திய சாமானை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. தாத்தாவின் கட்டில் எவ்வளவு கறுத்திருந்தாலும் அது தாத்தாவின் கட்டில்தான்.

முறையான பழமை என்றால் நம் பக்கத்தில் அது ஒல்லாந்தர் காலம். 1659இல் கற்பிட்டியைப் பிடித்தவர்கள் 1667இல் தொடங்கி 1676இல் கோட்டையை முடித்தார்கள். அவர்களுடைய வீடுகளுக்காக உள்ளூர்த் தச்சர் செய்த சாமான்களில் நமக்கு வேண்டியது ‘ரஸ்பாங்க்’: ஆள் நீட்டிப் படுக்கக்கூடிய வாங்கு, முதுகுச் சட்டம், கைப்பிடி, கடைந்தெடுத்த கால்கள், இருக்கை முழுவதும் பிரம்புப் பின்னல். மரம் கருங்காலி, முதிரை, நெதுன், பலா. கலமந்தர் என்ற வரிமரமும் உண்டு. அதைக் காட்டிலேயே காண்பது இன்று அரிது. வடிவம் ஐரோப்பாவுடையது என்றாலும் அதன் உயிரான பிரம்புப் பின்னல் ஆசியாவுடையது. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள்தான் அதை மேற்கே கொண்டுபோயின. நல்ல மாதிரிகளைப் பார்க்க விரும்புகிறவர் கொழும்புப் புறக்கோட்டையில், பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் கால அருங்காட்சியகத்துக்குப் போகலாம். படிக்க விரும்புகிறவருக்கு இச்சாமான்களைப் பற்றி ஆர். எல். புரோகியர் எழுதிய நூல் இருக்கிறது.

கடையில் ஒருவர் “ஒல்லாந்தர் காலத்தது” என்றால் பதில் பேசாமல் கட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். கையால் பின்னிய இருக்கையில் சட்டத்தைச் சுற்றி அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளைகள் இருக்கும். நார் ஒவ்வொரு துளையிலும் இறங்கி, அடியில் வளைந்து, பக்கத்துத் துளையால் ஏறும். நெடுக்கு, குறுக்கு, இரண்டு மூலைவிட்டம் என்று அடுக்கடுக்காக ஓடி எண்கோணக் கண்களை விடும். துளைகள் இல்லாமல் ஒரு காடி மட்டும் ஓடி, அதற்குள் தாளாகப் பின்னிய பிரம்பைச் செருகிக் குச்சியால் அடைத்திருந்தால், அது இயந்திரப் பின்னல். அந்தச் சட்டத்துக்கு இத்தனை வயது சொல்ல முடியாது. பின்னல் புதியதாக இருப்பது குற்றமல்ல, பிரம்பு தேய்கிற பொருள். பல தடவை மாற்றியிருப்பார்கள். பார்க்க வேண்டியது துளையைத்தான். பலகையின் அடிப்புறத்தில் பிறை பிறையாக வட்ட வாளின் தடம் தெரிந்தாலும் ஒல்லாந்தர் பெயரை விட்டுவிடலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் இரு தலையும் சுருண்ட சோபாக் கட்டில்கள் வந்தன. பார்க்க அழகு, படுக்கக் கழுத்து வலி.

எனக்குப் பிடித்தது அதற்கும் பிந்திய கூட்டம்: மொறட்டுவைத் தச்சர் செய்து, ரெஸ்ட் ஹவுஸ் விறாந்தைகளில் சாய்மனைக் கதிரைகளோடு கிடந்த தேக்குக் கட்டில்கள். செதுக்கல் இல்லை, நேர்கோடு, கழுந்தும் துளையும் இறுகிய மூட்டு. இந்தியாவில் சண்டிகர் அலுவலகங்களுக்காக 1950களில் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கும் பிரம்பும் கலந்த சாமான்கள் பழசாக ஏலம் போய், பிறகு வெளிநாட்டு ஏல மண்டபங்களில் பெருந்தொகைக்கு விலைபோயின. நம்முடையவற்றுக்கு அந்தப் பெயர் இல்லாததால் விலையும் ஏறவில்லை. வாங்குகிறவருக்கு நல்லதுதானே.

இக்காலப் பாணிக்குக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைச் சொல்ல வேண்டும். 1948இல் அவர் வாங்கிய லுணுகங்கைத் தோட்டத்திலும் கொழும்பு 33ஆம் ஒழுங்கை வீட்டிலும் சுவரோடு சேர்த்துக் கட்டிய இருக்கை மேடைகளும் அவற்றின்மேல் கைத்தறி மெத்தைகளும் நம் திண்ணைக்குச் சொந்தக்காரர் போலவே இருக்கும். ஆனால் அவை தோட்டத்துக்கும் நிழலுக்கும் பிறந்தவை. சோளகம் எழும்பினால் உச்சமுனையில் மணல் கிடைமட்டமாகப் பறக்கும். மெத்தை அந்த மணலைத் தன் மடியில் வைத்துக்கொள்ளும், உப்பீரத்தையும் குடிக்கும். கண்விட்ட பிரம்பில் மணல் கீழே கொட்டிவிடும், காற்று முதுகுக்கு வரும். கண்டக்குளிப் பக்கம் கைட் சேர்பிங் விடுதிகளில் பொதிப் பலகையை ஆணியடித்துப் போட்டிருக்கிற கட்டில்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரும்பாணி துருப்பிடித்தால் உப்பி மரத்தைப் பிளக்கும்.

இன்னொரு அளவுகோலை வெளியூர்ப் புத்தகங்கள் சொல்லமாட்டா. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்த முஸ்லிம் குடும்பங்கள் கட்டிலையும் அலுமாரியையும் அப்படியே விட்டுத்தான் வந்தன. போர்க்காலத்தில் ஆளில்லாத வீடுகளிலிருந்து கதவு நிலை வரை பெயர்த்தெடுத்து விற்றார்கள். ஆகவே இந்த நாட்டில் பழைய சாமான் வாங்குகிறவர் வயதை விசாரிக்குமுன் வீட்டை விசாரிக்க வேண்டும்: யாருடையது, எப்படி வந்தது, ஏன் விற்றார்கள். பதில் மழுப்பலாக வந்தால், கருங்காலியாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

உச்சமுனைக்கு ஒருவர் என்னிடம் கேட்டால் ஒல்லாந்தர் கட்டிலைச் சொல்லமாட்டேன். அது உப்புக்காற்றில் கிடக்க வேண்டிய பண்டமல்ல. 50, 60 வயதுள்ள தேக்கு அல்லது முதிரை, கைப்பின்னலுக்கான துளையுள்ள சட்டம், பித்தளைத் திருகாணி, இவை போதும். பிரம்பு அறுந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் பிரம்பு வேலைக்காரர் இன்னும் இருக்கிறார்கள். பின்னல் தொய்ந்தால் அடிப்புறத்தை ஈரத்துணியால் நனைத்து நிழலில் உலரவிட்டால் மறுபடி இறுகும். அதற்காகவே அடிப்புறத்தில் வார்னிஷ் பூசக்கூடாது. முழங்காலை ஊன்றிப் பிள்ளைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் உட்கார்ந்தாலும் தாங்குகிற பின்னல் ஒரு முழங்காலுக்குக் கிழிந்துபோகும். வாங்குமுன் கால்கள் கழலுமா என்றும் கேட்டுவிடுங்கள். கழலாத ஆறடிக் கட்டிலைத் தீவுக்குக் கொண்டுவரும் ஃபைபர் படகில் குறுக்கே வைத்தால் ஓட்டிக்கு இயந்திரத்தைத் தொட இடமிருக்காது.