எல்லாப் பேயும் ஏன் சிரிக்கிறது?

நியூ ஜெர்சியில் செப்டம்பர் பிறந்தாலே கடைகளில் ஆரஞ்சு நிறம் ஏறிவிடும். அங்கே ஒரு ஹாலோவீன் கலரிங் புத்தகத்தைப் புரட்டிய என் ஆறு வயது மகள் கேட்டாள்: “எல்லாப் பேயும் ஏன்ப்பா சிரிச்சுக்கிட்டே இருக்கு?”

ஜூலையில் ஊரில் அவளுடைய தாத்தா இறந்தார். அதிலிருந்து விளக்கை அணைக்க விடுவதில்லை. “தாத்தா நட்சத்திரம் ஆயிட்டார்” என்று சிரித்த முகத்தோடு சொன்னது நான்தான். அதனால் அந்தக் கேள்வி புத்தகத்தைப் பற்றியது மட்டுமல்ல என்று தோன்றியது.

ஹாலோவீன் எப்போதும் இப்படி இல்லை. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அங்குள்ள மேயோ மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய டர்னிப் விளக்கின் வார்ப்பைப் படத்தில் பாருங்கள், சுருங்கிய மண்டை ஓடு போல இருக்கும். குடியேறியவர்களோடு அமெரிக்கா வந்தபின் அது பூசணியானது. பெரிய, குடைய எளிதான, கொழுகொழு பூசணி. இன்றைய கலரிங் புத்தகம் அந்தப் பூசணியையும் இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கிறது.

2013இல் ஜொஹானா பாஸ்ஃபோர்டின் ‘சீக்ரெட் கார்டன்’ வந்தபின் பெரியவர்களுக்கான கலரிங் புத்தகம் பெரிய சந்தையானது. விற்கப்பட்டது மன அமைதி. அமைதிக்காக வாங்கும் புத்தகத்தில் பேய் பயமுறுத்தினால் எப்படி? எதிர்த்திசையில் போனவர் ஆலன் ராபர்ட். ‘லைஃப் ஆஃப் அகனி’ இசைக்குழுவின் பேஸ் கிதார்க்காரர். 2016இல் வந்த அவருடைய ‘த பியூட்டி ஆஃப் ஹாரர்’ அழுகலையும் எலும்பையும் கூசாமல் வரைகிறது. அபாரமான கோடுகள். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. பயம் முழுவதையும் அவரே வரைந்து முடித்துவிடுகிறார். நமக்கு மிஞ்சுவது ரத்தத்துக்குச் சிவப்பு தீட்டும் வேலை.

எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவிலுள்ள வகை: மெல்லிய கோடு, வெற்று வானம், ஒரு பாழடைந்த வீடு. டோவர் பதிப்பகத்தின் ‘கிரியேட்டிவ் ஹேவன்’ வரிசையில் தாளின் ஒரு பக்கம்தான் அச்சிடுவார்கள், கிழித்தெடுக்கத் துளைக்கோடும் உண்டு. இதில் இருட்டை நாம்தான் கொண்டுவர வேண்டும். எதைக் கொண்டு தீட்டுகிறோம் என்பது அப்போதுதான் முக்கியமாகிறது.

ஆல்கஹால் மார்க்கர் வானத்தைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடும், ஆனால் தாளின் பின்பக்கம் ஊறும். அடியில் ஒரு தடித்த அட்டை வையுங்கள். நான் கலர் பென்சில் கட்சி. எடுத்ததுமே கறுப்பை அழுத்தினால் ஓட்டை மாதிரி தட்டையாக இருக்கும். முதலில் ஊதா, மேலே கருநீலம், கடைசியில்தான் கறுப்பு. அப்போது இருட்டுக்கு ஆழம் வரும். பிரிஸ்மாகலர் பிரீமியர் மெழுகுப் பென்சில், வெண்ணெய் மாதிரி வழுக்கும். அழுத்தித் தீட்டிய இடத்தில் நாளாக ஆக வெள்ளைப் படலம் பூக்கலாம். மெல்லிய துணியால் துடைத்தால் போகும். ஃபேபர்-காஸ்டெல் பாலிக்ரோமோஸ் எண்ணெய் சார்ந்தது. அந்தத் தொல்லை குறைவு, விலை அதிகம். நிலவொளி வேண்டுமென்றால் கடைசியில் வெள்ளை ஜெல் பேனா.

ஒரு ஞாயிறன்று அந்தப் பாழ்வீட்டை இருவரும் தீட்டினோம். வானம் முழுக்க அவளே மூன்று அடுக்கு போட்டாள். ஒரு ஜன்னலை மட்டும் தீட்டாமல் விட்டாள்.

“அங்க யாரு?”

“தெரியல. நீங்களும் சும்மா சொல்லாதீங்க.”

சொல்லவில்லை. தாத்தா எங்கே போனார் என்று எனக்கும் தெரியாது என்பதை மட்டும் சொன்னேன். நான்கு மாதத்தில் முதல் முறையாக.

சில வாரம் கழித்து அந்த வானத்தில் மெழுகு பூத்திருந்தது. துணியோடு போனேன். பனி மாதிரி இருக்கு, விடுங்கப்பா என்றாள். விளக்கு இன்னும் எரிகிறது. சிரிக்கும் பேய்கள் உள்ள புத்தகத்தை மட்டும் நான் வாங்குவதில்லை.