25 ஆயிரத்துக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்: பழைய ஆபீஸ் பெட்டி போதுமா?

சென்னை ரிச்சி தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ‘ஐ5 ஃபுல் செட்’ என்ற அட்டைதான். சி.பி.யூ., மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடித்துத் தருவதாகச் சொல்வார்கள். ‘என்ன ஐ5?’ என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இரண்டாவது அல்லது மூன்றாவது ஜெனரேஷன். அதாவது 2011, 2012-ல் வந்த சிப்.

அதே தெருவில், கொஞ்சம் கூடப் போட்டால் வேறொரு சரக்கு கிடைக்கிறது. பெரிய ஆபீஸ்களில் சில வருடம் ஓடி, மொத்தமாகக் கழித்துவிடப்பட்ட மினி பி.சி.கள். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, ஹெச்.பி. எலைட்டெஸ்க் மினி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே அச்சுதான். இவற்றில் லெனோவோவின் எம்720க்யூ மாடலை வாங்கி, வீட்டில் எல்லா வேலைக்கும் இழுத்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்புப் பையனின் படிப்பு, மனைவியின் டேலி கணக்கு, ராத்திரியில் யூடியூப் என்று மூன்று பேருக்கும் இது ஒன்றுதான்.

8 என்ற எண்

ஐ3, ஐ5, ஐ7 என்பதை வைத்து விலை பேசுவது வீண். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-3470 என்றால் மூன்றாவது ஜெனரேஷன். ஐ5-8500 என்றால் எட்டாவது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் என்றால் எட்டாவது ஜெனரேஷன் முதல்தான் முறையான அனுமதி; டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய மெஷினிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருவார்கள். ஓடும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது.

இன்னொரு காரணமும் உண்டு. டெஸ்க்டாப் ஐ5-ல் அதுவரை அதிகபட்சம் 4 கோர்தான். எட்டாவது ஜெனரேஷனில்தான் அது 6 ஆனது. நான் வாங்கியதில் இருப்பது ஐ5-8500டி. கடைசியில் உள்ள ‘டி’ குறைந்த மின்சாரத்தில் ஓடும் 35 வாட் வகையைக் குறிக்கிறது.

கையில் எடுத்தால்

பதினெட்டு சென்டிமீட்டர் சதுரம், மூன்றரை சென்டிமீட்டர் கனம், ஒன்றேகால் கிலோ சொச்சம். மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடலாம். பவர் சப்ளை உள்ளே இல்லை. லேப்டாப்புக்கு வருவது போன்ற அடாப்டர்தான்.

பின்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி மேல்மூடியை முன்பக்கமாகத் தள்ளினால் ஃபேன் தெரியும். திருப்பிப் போட்டு அடிமூடியை நகர்த்தினால் இரண்டு ரேம் ஸ்லாட்டும், என்.வி.எம்.ஈ. எஸ்.எஸ்.டி. மாட்டும் இடமும் இருக்கும். 2.5 இன்ச் டிஸ்க் ஒன்றுக்கும் தனியாக இடம் உண்டு. ரேம் லேப்டாப்புக்குப் போடும் டி.டி.ஆர்.4 வகை. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறத் தொடங்கிய பிறகு, இது சின்ன விஷயமில்லை. வீட்டில் போர்டு போன பழைய லேப்டாப் கிடந்து, அதன் ரேமும் டி.டி.ஆர்.4 என்றால், கழற்றி இதில் மாட்டிவிடலாம்.

நான் திறந்தபோது ஃபேன் இறக்கையே தெரியாத அளவுக்குத் தூசி அப்பியிருந்தது. பிரஷ் போட்டு, புளோயர் அடித்து, தெர்மல் பேஸ்ட் மாற்றிய பிறகு சத்தம் பாதியாகக் குறைந்தது. பழைய பெட்டி எதை வாங்கினாலும் இந்த வேலையை முதல் நாளே முடித்துவிடுவது நல்லது. கடையிலேயே கேட்டால் செய்து தருவார்கள்.

வேலைக்கு எப்படி?

சுவிட்ச் போட்டு அரை நிமிடத்துக்குள் திரை தயார். டேலி, எக்செல், பத்துப் பதினைந்து டேப் திறந்த குரோம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டினால் சிப் அசரவில்லை, திணறியது ரேம்தான். 8 ஜிபியோடு ஜூம் வகுப்பையும் சேர்த்தபோது டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தொட்டது, மவுஸ் நகர்வதில் தயக்கம் தெரிந்தது. 16 ஆக்கியதும் அந்தப் பேச்சே இல்லை. அதையும் 8 + 8 என்று ஜோடியாகப் போடுங்கள். ஒரே 16-ஐவிட கிராஃபிக்ஸ் வேகம் கூடும்.

யூடியூப் 1080-ல் சுகமாக ஓடுகிறது. ஆனால் ஏ.வி.1 என்ற புதிய வீடியோ வகையைப் பிரிக்கும் வசதி இந்தத் தலைமுறை சிப்பில் கிடையாது. முழு பாரமும் கோர்கள் மேல் விழும். புதிதாக வரும் இன்டெல் என்100 மினி பி.சி.யில் அந்த வசதி உண்டு, மின்சாரமும் இன்னும் குறைவு. பல வேலைகளை ஒன்றாகச் செய்யும்போது மட்டும் நாலு கோர் என்100-ஐ ஆறு கோர் ஐ5 முந்திவிடுகிறது.

தமிழ் டைப்பிங்குக்குத் தனி சாஃப்ட்வேர் தேவைப்படவில்லை. விண்டோஸ் 11-லேயே தமிழ்99, அஞ்சல் இரண்டும் இருக்கின்றன.

கரன்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். சாதாரண வேலையில் பெட்டி சராசரியாக 15 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 5 மணி நேரம் ஓட்டினாலும் இரண்டு மாத பில்லில் நாலரை யூனிட்தான். மானிட்டருக்கு இன்னொரு ஆறு யூனிட் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு யூனிட் இலவசத்தின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு இது கவனிக்க வேண்டிய கணக்கு.

எது இல்லை?

பேட்டரி இல்லை, கரன்ட் போனால் வேலையும் போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யூ.பி.எஸ். மோடில் வையுங்கள். ஈகோ மோடில் இருந்தால், மாறும் அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிட வாய்ப்புண்டு. இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று தேவை.

கேமரா இல்லை. ஸ்பீக்கர் ஒன்று உள்ளே இருக்கிறது. பாட்டுக் கேட்கும் தரத்தில் இல்லை. ஆபீஸில் கேபிளிலேயே ஓடியதால் பல பெட்டிகளில் வைஃபை கார்டே இருக்காது. என்னுடையதிலும் இல்லை, யூ.எஸ்.பி. டாங்கிள் வாங்கிச் செருகினேன். கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும் பெரிய கேம்களுக்கு இது தோதுப்படாது.

காசு கொடுக்கும் முன்

கடையிலேயே ஆன் செய்யச் சொல்லுங்கள். லெனோவோ என்றால் எஃப்1, டெல் என்றால் எஃப்2, ஹெச்.பி. என்றால் எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். பழைய ஆபீஸ் போட்ட பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். தேதி பல வருடம் பின்னால் காட்டினால் காயின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சில பத்து ரூபாய் செலவு, அவர்களையே மாற்றச் சொல்லலாம்.

அடுத்து செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம். ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ என்று இருந்தால் நல்லது. ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்’ என்ற பொருளில் ஏதாவது இருந்தால், யாரோ குறுக்கு வழியில் ஏற்றியது என்று சந்தேகப்படலாம்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் கொண்டுபோய் எஸ்.எஸ்.டி.யின் ஹெல்த் சதவீதத்தையும், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். எனக்கு முதலில் வந்தது பெயர் தெரியாத எஸ்.எஸ்.டி., ஹெல்த்தும் சரிந்திருந்தது. காட்டியதும் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்; வீட்டுக்கு வந்த பிறகு சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது.

அடாப்டர் ஒரிஜினலா என்பதும் முக்கியம். டெல் பெட்டிகள் அடாப்டரை அடையாளம் காண முடியாவிட்டால் சிப்பின் வேகத்தையே குறைத்துக்கொள்ளும். கடைசியாக, வாரண்டி எத்தனை மாதம் என்பதை ஜி.எஸ்.டி. பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கணக்கும் முடிவும்

கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை மாறும். நான் வாங்கியபோது இருந்த நிலவரம் இது. 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யோடு பெட்டி ஏறத்தாழ 15,000. புது 22 இன்ச் ஐ.பி.எஸ். மானிட்டர் 6,500. கீபோர்டு, மவுஸ், வைஃபை டாங்கிள், வெப்கேம் சேர்த்து 3,000-க்குள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் 25,000 தாண்டாது, யூ.பி.எஸ். வாங்கினால் கொஞ்சம் தாண்டும்.

இதே காசுக்குப் புது லேப்டாப்பும் கிடைக்கும். ஆனால் இந்த விலையில் பெரும்பாலும் செலரான் சிப், போர்டோடு சாலிடர் செய்த 4 ஜிபி ரேம், 64 ஜிபி இ.எம்.எம்.சி. ஸ்டோரேஜ்தான் இருக்கும். விண்டோஸ் அப்டேட் இரண்டு வந்தாலே இடம் நிரம்பிவிடும், கூட்டவும் வழியில்லை. ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்கு வேறு வழியில்லை, லேப்டாப்தான் வேண்டும். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து நல்லதாக வாங்குவது மேல். ஒரே மேஜையில் மொத்தக் குடும்பமும் மாறி மாறி உட்காரும் வீட்டுக்கு மினி பி.சி.யே சரி.

பட்ஜெட் இடித்தால் சிப்பில் ஐ5-க்குப் பதில் எட்டாவது ஜெனரேஷன் ஐ3 எடுங்கள், எஸ்.எஸ்.டி.யில் 128 போதும் என்று விடுங்கள். மானிட்டரில் மட்டும் கை வைக்காதீர்கள். பெட்டியை மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடுவீர்கள், திரை அதற்குப் பிறகும் இருக்கும். மங்கலான பழைய 19 இன்ச் திரையைப் பிள்ளைகள் அத்தனை வருடமும் தினம் பார்க்க வேண்டியிருக்கும்.