கெயினுக்கு முன்னாடி செய்ய வேண்டியவை

ரிமோட் ஹெலிகாப்டரின் வாலை செட் பண்ணுவது பற்றிக் கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில் இதுதான்: "கெயினை ஏத்து, வால் ஆட ஆரம்பிச்சா கொஞ்சம் குறை." தப்பில்லை. ஆனால் இது கடைசிப் படி. அதையே முதல் படியாகச் சொல்வதுதான் என் குறை.

மெயின் ரோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பது வால் ரோட்டார். பிட்ச் மாறும்போதெல்லாம் முறுக்குவிசையும் மாறுவதால், கையால் ஈடு கொடுத்து மாளாது. அதற்குத்தான் கைரோ. ரேட் மோடில் அது திரும்பும் வேகத்தை மட்டும் எதிர்க்கும். காற்றடித்து மூக்கு திரும்பிவிட்டால் திரும்பினது திரும்பினதுதான். ஹெட்டிங் ஹோல்ட் மோட் (ஃபுடாபா இதை ஏ.வி.சி.எஸ். என்கிறது) பிழையைக் கூட்டி வைத்துக்கொண்டு, மூக்கு பழைய திசைக்கு வரும்வரை விடாது. கன்ட்ரோல் தியரி படித்தவர்களுக்கு: முன்னது பி, பின்னது பி.ஐ.

இந்த 'ஐ'தான் வில்லங்கம். புஷ்ராடு நீளம் தப்பாக இருக்கட்டும், செர்வோ ஆர்ம் கோணலாக இருக்கட்டும், எல்லாவற்றையும் மறைத்துவிடும். எக்ஸெப்ஷனைப் பிடித்துச் சத்தமில்லாமல் விழுங்குகிற கோடு மாதிரி. ஹோவரில் எல்லாம் அழகாகத் தெரியும். ஆனால் செர்வோவின் வீச்சு ஒரு பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சடாரென்று பிட்ச் ஏற்றும்போது வால் பிடியை விட்டுவிடும்.

அதனால் முதலில் ரேட் மோடுக்குப் போங்கள். டிரிம் பூஜ்யம், ரெவல்யூஷன் மிக்சிங் ஆஃப். செர்வோ நடுவில் நிற்கும்போது ஆர்ம் புஷ்ராடுக்கு 90 டிகிரியில் இருக்கணும். பால் லிங்க் இறுக்கமாகவும் கூடாது, லொடலொடன்னும் கூடாது. ஹோவர் செய்து பாருங்கள். மூக்கு ஒரு பக்கம் போனால் டிரிம்மைத் தொடாமல், இறக்கிவிட்டு புஷ்ராடு நீளத்தை மாற்றுங்கள். மூக்கு நிற்கும்வரை இதே வேலைதான். பிறகு, லிங்க் முட்டி நிற்காதபடி லிமிட் வைத்து, ஹெட்டிங் ஹோல்டுக்கு மாறுங்கள். கெயின் அப்புறம்தான். கெயினை ரொம்பக் குறைத்தால்தான் ஆட்டம் நிற்கிறது என்றால், செர்வோ ஆர்மில் பாலை ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் பாருங்கள்.

புதியவர்களுக்கு ஒன்று: ஹெட்டிங் ஹோல்டில், தரையில் ஸ்டிக்கை விட்டாலும் செர்வோ நடுவுக்குத் திரும்பாது. செர்வோ கெட்டுப்போகவில்லை, அதன் இயல்பே அப்படி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது திசை. ஸ்டிக்கின் திசை ரிமோட்டில் இருக்கிறது. கைரோ எதிர்க்கும் திசை கைரோவில் தனி ஸ்விட்சாக இருக்கிறது. ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரி என்று ஆகாது. நான் ஸ்டிக்கை மட்டும் பார்த்துத் திருப்தியானேன். ஸ்கிட் தரையை விட்டதுமே ஹெலிகாப்டர் பம்பரம் மாதிரி சுழன்று சாய்ந்தது. கைரோ திருப்பத்தைத் தடுப்பதற்குப் பதில் கூட்டிக்கொண்டிருந்தது. உடைந்த பிளேடு எங்கே போய் விழுந்தது என்று தேடும்போதுதான், அக்கா பையன் எனக்குப் பின்னால் நாலடியில் நின்றிருந்தது உறைத்தது. சின்ன 450 ரகம்தான். ஆனால் சுமார் 35 செ.மீ. ஆரம், நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று கணக்குப் போட்டால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் வருகிறது.

இதற்கான சோதனைக்குப் பத்து நொடி போதும். மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு, மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்புங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் செர்வோ எந்தப் பக்கம் போகுமோ, அந்தப் பக்கம் போகணும். போகாவிட்டால் கைரோவின் ஸ்விட்சை மாற்றுங்கள்.

வால் செட்டிங் பற்றி எழுதுகிறவர்கள் வேறு எதை விட்டாலும் பரவாயில்லை, இந்தப் பத்து நொடியை முதல் வரியில் எழுதுங்கள்.