மூன்றாண்டில் காலாவதியாகும் அறிவு

அமேசான் வெப் சர்வீசஸ் நடத்தும் தேர்வுகள் அத்தனையிலும் தேறி, எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே நேரத்தில் நடப்பில் வைத்திருக்கும் அதன் கூட்டாளி நிறுவனப் பொறியாளர்களுக்குத் தங்க நிற மேலங்கி ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு எடுத்த படங்கள் லிங்க்ட்இன்னில் பெருமையோடு வலம் வருகின்றன. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. அலுவலகங்களிலும் இதே காற்றுதான் வீசுகிறது. ப்ராஜெக்ட் இல்லாமல் பென்ச்சில் உட்கார்ந்திருக்கும் டெவலப்பருக்கு மேலாளர் சொல்லும் முதல் யோசனை, "கிளவுட்ல ஏதாவது ஒரு சர்டிஃபிகேஷன் கிளியர் பண்ணிடுங்க" என்பது. பதினைந்து ஆண்டு ஜாவா எழுதியவருக்கும் இதே யோசனை, போன மாதம் சேர்ந்தவருக்கும் இதே யோசனை.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எல்லோருக்கும் தெரிந்ததே: சர்வர் அறைகள் மூடப்படுகின்றன, வேலை கிளவுடுக்குப் போய்விட்டது, ஆகவே சான்றிதழ் வைத்திருப்பவருக்கே எதிர்காலம். இதில் முன்பாதி சரி, பின்பாதி பிழை.

சான்றிதழால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய கல்லூரியின் பெயர் இல்லாத ஒரு பட்டதாரிக்கு அது நேர்காணல் வரை கதவைத் திறந்துவிடுகிறது. எங்கிருந்து படிப்பது என்று திகைத்து நிற்பவருக்கு ஒரு பாடத்திட்டம் கிடைக்கிறது. கிளவுடும் தன்னளவில் பெரிய வரம். சர்வர் வாங்க ஒப்புதல் கேட்டு வாரக்கணக்கில் காத்திருந்த காலம் போய், விருதுநகரில் இருக்கும் மாணவி சில ரூபாய் செலவில் சில நிமிடங்களில் ஒரு கணினியை இயக்கிப் பார்க்கலாம்.

ஆனால் அந்த மாணவி கணினியை இயக்கிப் பார்த்தாளா என்பதைத் தேர்வு கேட்பதே இல்லை.

அதிகம் பேர் எழுதும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வை எடுத்துக்கொள்வோம். 130 நிமிடம், 65 கேள்விகள், கட்டணம் 150 டாலர். எல்லாமே கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஒரு கட்டளையைக்கூடத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. செய்முறையைச் சேர்த்துப் பார்க்க ஒரு முயற்சி நடந்தது: 2021இல் அமேசானின் சிஸ்ஆப்ஸ் தேர்வில் உண்மையான கிளவுட் கணக்குக்குள் நுழைந்து வேலை செய்யும் பகுதி வந்தது. 2023 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். செய்முறைத் தேர்வு நடத்தவே முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. குபர்நெட்டிஸ் நிர்வாகிக்கான சி.கே.ஏ. தேர்வு முழுக்க முழுக்க கருப்புத் திரையில்தான் நடக்கிறது. இரண்டு மணி நேரம், கண்முன்னே உடைந்து கிடக்கும் அமைப்பு; சரிசெய்தால் மதிப்பெண்.

கொடுத்த விடையில் ஒன்றைத் தொடும் தேர்வுக்கு ஆயத்தமாகிறவர் என்ன படிப்பார்? குறிச்சொல் படிப்பார். கேள்வியில் 'எப்போதாவது மட்டும் எடுக்கும் பழைய கோப்புகள்' என்று வந்தால் கிளேசியர். 'சர்வரைப் பராமரிக்க ஆளில்லை' என்று வந்தால் லாம்டா. பழைய கேள்விகளைத் திரட்டி விற்கும் 'டம்ப்ஸ்' சந்தை இந்தப் பழக்கத்தால்தான் பிழைக்கிறது. இப்படித் தேறியவர் கற்றது ஒரு கடையில் எந்தச் சரக்கு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை. அந்தச் சரக்கு எப்படிச் செய்யப்பட்டது, எந்த இடத்தில் உடையும், உடைந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர் பாடத்தில் வரவே இல்லை. கடைக்காரர் நடத்தும் தேர்வு அப்படித்தான் இருக்கும். அதைப் பொறியாளரின் தகுதிக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது நிறுவனங்கள் செய்த தவறு.

சரக்கறிவு எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதற்கு எஸ்3 நல்ல உதாரணம். 2006 மார்ச்சில் வந்த இந்தச் சேமிப்புச் சேவையில், ஒரு கோப்பின் மேல் புதிதாக எழுதிய உடனே படித்தால் பழைய பிரதியே கிடைக்க வாய்ப்பிருந்தது. ஆண்டுக்கணக்காகத் தேர்வுக்குப் படித்தவர்கள் இதை ஒரு விதியாக மனப்பாடம் செய்தார்கள். 2020 டிசம்பரில் அமேசான் அந்த நடத்தையை மாற்றியது. எழுதியது உடனே படிக்கக் கிடைத்தது. மனப்பாடம் செய்த விடை ஒரே நாளில் தப்பாயிற்று. பல கணினிகளில் பிரதி வைக்கும்போது ஏன் இந்தச் சிக்கல் எழுகிறது என்பதைப் புரிந்து படித்தவருக்கு ஒன்றும் குறையவில்லை. அவர் அந்த அறிவோடு, இதே போலப் பல கணினிகளில் பிரதி வைக்கும் கசாண்ட்ராவுக்கும் போகலாம், காஃப்காவுக்கும் போகலாம்.

பெயர்களும் நிலைப்பதில்லை. அமேசானின் எலாஸ்டிக்சர்ச் சேவை 2021இல் ஓப்பன்சர்ச் ஆனது. மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி 2023இல் என்ட்ரா ஐ.டி. ஆனது. சான்றிதழ்களுக்கும் இதே கதிதான்: தரவுத்தளத்துக்கென்று அமேசான் நடத்திய சிறப்புத் தேர்வு 2024 ஏப்ரலோடு நின்றுபோனது. நிறுத்தப்படாத அமேசான் சான்றிதழ்களும் மூன்றாண்டில் காலாவதியாகும். அஷ்யூரின் பெரும்பாலான பணிவழிச் சான்றிதழ்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் எம்.சி.எஸ்.இ. வாங்கச் சென்னையில் கடன்பட்டுப் படித்தவர்கள் உண்டு. அந்தப் பட்டத்தையே மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டது. பட்டத்தோடு கூட நெட்வொர்க்கையும் உண்மையாகவே கற்றவர்களுக்கு மட்டும் அந்தப் படிப்பு இன்றுவரை சோறு போடுகிறது.

இதைவிடப் பெரிய கேடு, கையில் இருக்கும் அறிவை டெவலப்பரே மதிக்காமல் போவது. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், ஆரக்கிளில் மெதுவாக ஓடும் வினவலை எடுத்து, இண்டெக்ஸ் போட்டு, மணிக்கணக்கை நொடியாகக் குறைத்தவர், கிளவுட் வந்ததும் அது பழங்காலச் சங்கதி என்று நினைத்து ஒதுங்குகிறார். உண்மையில் அந்த அறிவின் விலை இப்போதுதான் ஏறியிருக்கிறது. அமேசானின் தரவுத்தளச் சேவையான டைனமோ டி.பி.யில் ஒரு கோடிப் பதிவுகள் உள்ள அட்டவணையை 'ஸ்கேன்' செய்து, வடிகட்டி, பத்தே பத்துப் பதிவை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். வடிகட்டல் நடப்பது படித்து முடித்த பிறகு. ஆகவே கட்டணம் அந்த ஒரு கோடிப் பதிவுக்கும் உண்டு. சொந்த சர்வரில் இதே தவறைச் செய்தால் இயந்திரம் திணறும், யாராவது வந்து திட்டுவார்கள். கிளவுடில் திணறலே தெரியாமல் போகலாம். மாதக் கடைசியில் பில் வரும். முழு அட்டவணையை அலசுவது ஏன் கெடுதல் என்று இருபது ஆண்டுக்கு முன்பே கற்றவரை ஒதுக்கிவிட்டு, சேவையின் பெயரை நேற்றுப் படித்தவரிடம் வேலையை ஒப்படைப்பதைத் திட்டமிடல் என்று எப்படிச் சொல்வது?

பழைய அறிவின் மதிப்புக்கு இன்னொரு சான்று: 2025 அக்டோபர் 20 அன்று வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசானின் தரவு மையங்களில் தொடங்கிய கோளாறில் ஸ்னாப்சாட், சிக்னல், ரோப்லாக்ஸ் எனப் பல சேவைகள் தடுமாறின. வேர் எங்கே இருந்தது? டைனமோ டி.பி.யின் முகவரியைச் சொல்ல வேண்டிய டி.என்.எஸ். பதிவு காலியாகிவிட்டது. தானியங்கி நிரல்கள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பதிவில் கை வைத்ததால் வந்த வினை. டி.என்.எஸ். 1983இல் பிறந்தது. இரண்டு செயல்கள் முந்தியும் பிந்தியும் மோதிக்கொள்ளும் 'ரேஸ் கண்டிஷன்', கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் சொல்லித்தரப்படுவது. பளபளக்கும் புதுச் சேவை விழுந்தது இந்த இரண்டு பழைய பாடங்களில். அன்று பொறியாளர்களுக்குத் தங்கள் நிரலில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க உதவக்கூடியவையும் அந்தப் பழைய பாடங்கள்தான்.

பிறகு ஏன் நிறுவனங்கள் சான்றிதழைத் துரத்துகின்றன? கிளவுட் விற்பனையாளர்களின் பார்ட்னர் திட்டத்தில் மேல்தட்டுக்கு ஏற, சான்றிதழ் பெற்ற ஊழியர்களின் எண்ணிக்கையும் கணக்கில் வருகிறது. ஊழியர் இரவில் கண்விழித்துப் படித்து வாங்கும் பட்டயம் நிறுவனத்தின் தகுதிப் பட்டியலில் ஒரு எண்ணாகச் சேர்கிறது. ஒப்பந்தங்களுக்கு அது உதவுகிறது. இதில் குற்றம் காண ஒன்றுமில்லை, அதை வணிகம் என்று வெளிப்படையாகச் சொன்னால். ஊழியரின் வளர்ச்சி என்று சொல்லும்போதுதான் ஏமாற்றம் தொடங்குகிறது.

எதைத் தவிர்க்கலாம் என்று அறிவதும் பொறியியல்தான். அமேசானுக்குள்ளேயே பிரைம் வீடியோ குழு ஒன்று, படத்தின் தரத்தைக் கண்காணிக்கும் கருவியைத் துண்டு துண்டான சர்வர்லெஸ் சேவைகளாகக் கட்டியிருந்தது. அந்தத் துண்டுகளை ஒரே நிரலாகச் சேர்த்தபோது செலவு 90 சதவீதம் குறைந்ததாக 2023இல் அவர்களே எழுதினார்கள். பேஸ்கேம்ப் செய்யும் 37சிக்னல்ஸ் 2022இல் கிளவுடை விட்டு வெளியேறும் முடிவை அறிவித்தது. சொந்தமாக சர்வர் வாங்கிச் செலவைக் குறைத்தது. சென்னையின் ஜோஹோ தன் சேவைகளைத் தன் சொந்தத் தரவு மையங்களில் ஓட்டிவருகிறது. எல்லோரும் இப்படிப் போக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலானோருக்குக் கிளவுட்தான் சரி. ஆனால் போவதா இருப்பதா என்று முடிவெடுக்கும் திறமை, கடையின் உள்ளே மட்டும் விடை தேடிப் பழகியவருக்கு வராது.

ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த நேர்காணலில் சான்றிதழ் எண்ணைக் கேட்பதற்கு முன், வந்தவரிடம் ஒரு லேப்டாப்பைக் கொடுங்கள். பெயர் கொடுத்தால் முகவரி கிடைக்காத ஒரு சர்வரையும், இண்டெக்ஸ் இல்லாத ஒரு அட்டவணையையும் அதில் வைத்துக் கொடுங்கள். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதலில் எதைத் தொடுகிறார் என்று பாருங்கள்.