அட்டையும் சுவரும்

சென்னையில் ஒரு கூடத்தில் இளம் ஓவியர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த காட்சியில் ஒரு படைப்பின் முன் நின்றுகொண்டிருந்தேன். ஜக்கார்டு அட்டைகள். பட்டுத் தறியின் தலைக்குமேல் வளையமாகச் சுற்றி வரும், துளையிட்ட அந்த அட்டைகளை நூலில் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தான் பையன். பின்னால் ஒரு விளக்கு. துளைகள் வழியே விழுந்த ஒளிப்புள்ளிகள் எதிர்ச்சுவரில் அசைந்தன. அழகாக இருந்தது. அழகாக இருந்தது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

பையன் எங்கள் பக்கத்துக்காரன். தாமலிலிருந்து பஸ் ஏறினால் அதிக தூரமில்லை அவன் ஊர். அப்பா அட்டை அடிப்பவர். அவரும் வந்திருந்தார். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். யாரும் விடச் சொல்லவில்லை. மற்ற படங்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு மகனுடைய வேலைக்கு முன் வந்து நின்றவர் நகரவே இல்லை. அவர் பார்க்கவில்லை, படித்தார். உதடு அசைந்தது. "ருத்ராட்சக் கரை" என்றார் என்னிடம். சற்றுக் கழித்து மகனைக் கூப்பிட்டு, "நாப்பத்தி ஒண்ணுக்கு அப்புறம் நாப்பத்தி நாலு கோத்திருக்கியே. இது ஒண்ணு தலைகீழா வேற கெடக்கு" என்றார். பையன் சிரித்தான். "இங்க யாருக்குப்பா தெரியப் போவுது?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. பையனைப் பற்றியது அல்ல. அவனுக்கு இது முதல் காட்சி, கை இருக்கிறது, கண்ணும் இருக்கிறது.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். உழைப்பு, நினைவு, உடல், மறைந்துகொண்டிருக்கும் கைகள். வந்தவர்கள் எல்லோரும் தாளைப் படித்துவிட்டு அட்டைகளைப் பார்த்தார்கள். அட்டைகளையே படித்தவர் ஒருவர்தான். அவருக்குத் தாளைப் படிக்க வராது. ஆக அந்த மூலையில் இரண்டு எழுத்துகள் இருந்தன. அர்த்தம் சொல்லும் அதிகாரம் ஒன்றுக்குக் கிடைத்தது. மற்றது அலங்காரமாகிவிட்டது.

அட்டையில் துளை என்பது ஒரு கட்டளை. துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே எழும். இல்லையென்றால் இழை கிடந்த இடத்தில் கிடக்கும். ஓர் அட்டைக்கு ஊடையின் ஓர் ஓட்டம். வரிசை பிசகினால் ருத்ராட்சம் உருளாது, உடையும். அதாவது வரிசைதான் படம். வரிசை கலைந்த அட்டைகள், எழுத்துகளைக் கலைத்துப் போட்ட கவிதை மாதிரி, எழுத்தெல்லாம் இருக்கும். வேண்டுமென்றே, நெய்யவே முடியாத ஒரு கரையை அவன் கோத்திருந்தான் என்றால் நான் கைதட்டியிருப்பேன். அப்பா அதைக் கண்டுபிடிக்கும் கணம் அந்தப் படைப்பின் மையமாகியிருக்கும். தெரிந்தவர் ஒருவருக்கு மட்டும் திறக்கிற கதவு. அவன் அப்படிச் செய்யவில்லை. ஒளி எப்படி விழுகிறது என்பதைப் பார்த்துக் கோத்திருக்கிறான், அவ்வளவுதான்.

நெசவும் நவீன ஓவியமும் சந்தித்துக்கொண்டது இது முதல் தடவையல்ல. ஐம்பதுகளின் நடுவில் கைத்தறி வாரியத்தின் கீழ் நெசவாளர் சேவை மையங்கள் ஆரம்பித்தபோது, புபுல் ஜெயகரின் முயற்சியால் ஓவியர்கள் அங்கே வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். கே.ஜி. சுப்ரமண்யன் 1959லிருந்து 1961வரை பம்பாயில் அந்த வாரியத்தில் இருந்தார். சென்னை மையத்தில் ரெட்டப்ப நாயுடு. பாரிஸிலிருந்து திரும்பிய ஜோகன் சௌதுரி 1968லிருந்து 1972வரை சென்னையில் கைத்தறி டிசைனர். பிறகுதான் தில்லிக்கு, ராஷ்டிரபதி பவனின் ஓவியங்களைப் பாதுகாக்கும் பொறுப்புக்குப் போனார். படம் விற்காத காலத்தில் ஓவியனுக்கு மாதச் சம்பளம். (வங்கிக் குமாஸ்தாவாகிய எனக்கு இந்த ஏற்பாட்டை ஏளனம் செய்யும் யோக்கியதை கிடையாது.)

புடவைக்கு டிசைன் போடுவது கட்டம் போட்ட தாளில். எந்த வளைகோடும் அங்கே கடைசியில் படிக்கட்டாகத்தான் இறங்க வேண்டும். கோட்டையே மூச்சாக வைத்திருந்த சௌதுரி போன்ற ஒருவர் இப்படிப்பட்ட தொழிலில் நாலு வருஷம் இருந்தார் என்பதை நம் ஓவிய வரலாறு ஒரு வரியில், பிழைப்புக்காக என்று சொல்லித் தாண்டிப் போகிறது. அவருடைய கித்தான்கள் கண்காட்சிக் கூடங்களுக்குப் போயின. மையத்தின் டிசைன்கள் புடவையாகிக் கல்யாணங்களுக்குப் போயின. புடவையில் ஓவியன் பெயர் இல்லை. நெய்தவன் பெயர் எங்குமே இல்லை.

1966ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை அமைத்தபோதும் இதே பாகப்பிரிவினைதான். பாத்திக் துணி முதலான கைவினைகளைச் செய்து விற்றுப் பிழைத்துக்கொள்வது. சந்தையின் முகத்தைப் பார்க்காமல் வரைவது. துணிச்சலான ஏற்பாடு, சந்தேகமில்லை. வேறு எந்த ஊரிலும் ஓவியர்கள் தங்கள் வயிற்றுக்கு இவ்வளவு கௌரவமாக வழி செய்துகொண்டார்களா என்றுகூடக் கேட்கலாம். ஆனால் நடுவில் ஒரு வேலி இருந்தது. துணி சோற்றுக்கு, கித்தான் ஆத்மாவுக்கு. இன்று வருகிற பையன்கள் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். நூல், சாயம், சாணி, உமி, மீன்வலை எல்லாம் கூடத்துக்குள் வந்துவிட்டன. இது அவர்களுடைய சாதனை. பணிக்கர் தலைமுறை செய்யாதது. என் புகார், பிடுங்கிய வேலியை அவர்கள் வேறு இடத்தில், சுவரில் ஒட்டிய அந்தத் தாளின் ஓரத்தில் நட்டுவிட்டார்கள் என்பது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. 'நடை', 'கசடதபற' நாட்களிலிருந்து ஆதிமூலமும் பாஸ்கரனும் சிறுபத்திரிகைகளுக்கு வரைந்து கொடுத்தார்கள். அட்டையில் ஆதிமூலம் என்று பெருமைப்பட்டோம். கவிதைக்குக் கீழே காலியிடம் இருந்தால் ஒரு கோட்டோவியத்தை வைத்தோம். வெங்கட் சாமிநாதன் போன்ற ஓரிருவர் நீங்கலாக, அந்தக் கோடு என்ன செய்கிறது என்று யார் உட்கார்ந்து எழுதினோம்? கவிதையில் ஒரு படிமத்துக்கு நாலு பக்கம் சண்டை போட்டவர்கள் ஓவியத்தின் முன் 'அருமையான கோடுகள்' என்று முடித்துக்கொண்டோம். அந்தப் பையன் ஆங்கிலத்தில் எழுதியதற்கு மோகம் மட்டும் காரணமில்லை. தமிழில் எழுத அவனுக்கு நாம் ஒரு வாக்கியத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

சொற்கள் இல்லாமலில்லை, அவன் வீட்டிலேயே இருந்தன. உதாரணத்துக்கு, கோர்வை. நமக்கு அது கட்டுரையில் இருக்க வேண்டிய ஒழுங்கு. காஞ்சிபுரத்துத் தறியில் அது வேறு: உடலின் நிறமும் கரையின் நிறமும் தனித்தனி நாடாவில் வந்து, சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று வளைத்துப் பிடிக்கின்றன. மூன்று நாடா வேண்டும், பக்கத்தில் துணைக்கு இன்னொரு ஆள் வேண்டும். இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடாமல், பிரிந்தும் விடாமல் சேர்வதற்கு இதைவிட நல்ல விமர்சனச் சொல் எனக்குத் தெரியாது.

அந்தப் பொருளில் கோர்வை கூடியிருப்பதாக நான் நினைக்கிற இரண்டு வேலைகளைச் சொல்கிறேன். பெனிதா பெர்சியல் 2014ல் கொச்சி பினாலேயில் வைத்த உருவங்கள். சாம்பிராணியும் குந்திரிக்கமும் பட்டையும் கிராம்பும் சேர்த்துப் பிசைந்து செய்த கிறிஸ்தவ உருவங்கள். பொருளே விஷயம். மிளகுக்காகக் கப்பல்கள் வந்த துறைமுகத்தில், அந்தக் கப்பல்களோடு வந்தவையும் அதற்கு முன்பே வந்துவிட்டவையுமான தெய்வங்களை அந்தச் சரக்கிலேயே செய்துவைப்பது. மாதாகோவிலுக்குப் போகிற கிழவியும் நாட்டு மருந்துக் கடைக்காரனும் அதன் முன் நின்று, தாள் இல்லாமலே ஆரம்பிக்கலாம், மூக்கு போதும்.

இன்னொன்று யாழ்ப்பாணத்து சனாதனன். 2011ல் வந்த அவருடைய தோம்பு நூல். போரில் வீடிழந்தவர்கள் தங்கள் வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து வரைகிறார்கள். கோணல்மாணலாக, கிணறு அறையைவிடப் பெரிதாக வந்துவிடக்கூடிய வரைபடங்கள். அதையே ஒரு கட்டடக்கலைஞர் அளவோடு வரைகிறார். பிறகு சனாதனனுடைய ஓவியம். மூன்றும் நூலில் இருக்கின்றன. கடைசியில் வந்தவன் முதலில் வரைந்தவனை அழித்துவிடவில்லை என்பதில்தான் அதன் தார்மீகம் இருக்கிறது. அட்டை அடித்த அப்பாவின் கை, மகனின் காட்சியில் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு விடை. ஒரே விடை அல்ல.

மேற்கில் நெசவு எப்போதோ கலைக்கூடத்துக்குள் போய்விட்டது, இதென்ன பழைய பேச்சு என்று நண்பர் ஒருவர் கேட்டார். போனது உண்மை. அன்னி ஆல்பெர்ஸுக்கு நியூயார்க் நவீனக் கலை மியூசியம் 1949லேயே தனிக்காட்சி வைத்தது. ஆனால் அவர் தறியில் உட்கார்ந்தவர். பௌஹௌஸில் பெண் என்பதால் நெசவுப் பட்டறைக்குத் தள்ளப்பட்டு, தள்ளப்பட்ட இடத்திலிருந்தே சிந்திக்கக் கற்றவர். நம் ம்ருணாளினி முகர்ஜி சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகத் தன் கையால் போட்டார். அவர் மறைந்த பிறகு, 2019ல்தான் நியூயார்க்கின் பெரிய மியூசியம் அவருக்கு முழுக் காட்சி வைத்தது. நண்பர் மறந்துவிடுவது, இவர்கள் இருவருக்கும் முடிச்சு எப்படி விழுகிறது என்பது தெரியும் என்பதை. எங்கள் பையனுக்கும் தெரிந்திருக்கும், சின்ன வயதில் அட்டை எடுத்துக் கொடுத்தவன்தான். தெரிந்ததைக் கூடத்துக்கு வெளியே, அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில், விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

காட்சி முடிந்து அட்டைகள் வீட்டுக்குத் திரும்பின. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரிசைப்படுத்தி, நாற்பத்திரண்டையும் நாற்பத்திமூன்றையும் பரணிலிருந்து தேடி எடுத்துச் சேர்த்து, கயிறு மாற்றிக் கட்டி வைத்திருக்கிறார். பையன் போனில் சொன்னான். அடுத்த காட்சிக்கு அதை அப்படியே கொண்டுபோகலாமா, அவிழ்க்கலாமா என்று என்னைக் கேட்டான். அவரைக் கேள் என்றேன்.