மகரந்தத்தூள் ஆயத்தமும் செயற்பெயர் மொழிபெயர்ப்பும்

பொருட்பெயரை மொழிபெயர்ப்பதினும் செயற்பெயரை மொழிபெயர்ப்பது அரிது. செயற்பெயர் அச்செயலின் நோக்கத்தையும் விளைவையும் உடன் உணர்த்த வேண்டியுள்ளது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காண்பதற்காக மகரந்தத்தூளை ஆயத்தம் செய்யும் முறைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

முதலாவது, அசிட்டாலிசிஸ். 9 பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் 1 பங்கு அடர் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தூளைச் சூடாக்கும் இம்முறையைச் சுவீடன் நாட்டு அறிஞர் எர்ட்மன் 1960-இல் விரிவாக விளக்கினார். இதனைத் 'தூய்மையாக்கல்' எனப் பெயர்ப்பின் பொருள் திரியும். புறத்தே படிந்தவை மட்டுமின்றி, உயிர்ப்பொருளும் உள்ளுறையும் இதில் அழிகின்றன. ஸ்போரோபொலனினால் ஆன புறவுறையே எஞ்சுகிறது. அழிவை மறைக்கும் தமிழ்ச்சொல்லினும் ஒலிபெயர்ப்பே இங்கு ஏற்புடையது.

உள்ளமைப்பையும் காக்க விழைவோர் தூளைக் குளுட்டரால்டிஹைடு முதலியவற்றில் இடுவர். 'ஃபிக்சேஷன்' எனப்படும் இச்செயலைப் 'பொருத்துதல்' எனின், பின்னர்த் தூளை உலோகத் தாங்கியில் ஒட்டும் செயலோடு அது மயங்கும். உயிரணுவின் அமைப்பு சிதையாது நிறுத்தப்படுவதால் 'நிலைநிறுத்தல்' என்பதே தகும்.

மிகுந்த கவனம் வேண்டுவது 'கிரிட்டிக்கல் பாயின்ட்' உலர்த்தலாகும். நீர்மம் காற்றில் உலருங்கால் அதன் பரப்பு இழுவிசை மென்மையான தூளைச் சுருங்கச் செய்யும். இதனைத் தவிர்க்க, தூளிலுள்ள நீரை முதலில் எத்தனாலாலும் பின்னர் நீர்மக் கார்பன் டை ஆக்சைடாலும் மாற்றீடு செய்து, ஏறத்தாழ 31° செல்சியசையும் 73 வளிமண்டல அழுத்தத்தையும் கடக்கச் செய்வர். அந்நிலையில் நீர்மம், வளிமம் என்னும் வேறுபாடே மறைவதால் இழுவிசைக்கு இடமில்லை. இதனை 'நெருக்கடிப் புள்ளி' என்பது அகராதியின் முதற்பொருளைக் கொண்டு செய்த பிழையாகும். இயற்பியல் பாடநூல்களில் வழங்கும் 'மாறுநிலை' என்பதே பொருத்தமானது. எனினும் 'நிலைமாற்றம்' என்பது நீர்மம் ஆவியாதலையும் குறிக்கும். இருசொல்லும் ஒரே பகுதிகளால் ஆயினும், ஒன்று தவிர்க்க வேண்டிய நிகழ்வையும் மற்றொன்று அதனைத் தவிர்க்கும் வழியையும் சுட்டுகின்றன. மொழிபெயர்ப்பாளர் இவற்றை மாற்றி வழங்கலாகாது.

நுண்ணோக்கிப் படத்தில் தோன்றும் சுருக்கம் தாவரத்தின் இயல்பா, உலர்த்தலின் விளைவா எனப் படிப்போர் அறிதற்கு உரிய ஒரே வழி செய்முறைக் குறிப்பேயாம். அக்குறிப்பின் சொல் பிழைபடின் படத்தின் சான்றும் ஐயத்திற்கு இடமாகும். ஆதலின் செயற்பெயரை ஆக்குவோர், சொல்லுக்குச் சொல் காண்பதன்முன் அச்செயலில் எது எஞ்சுகிறது, எது அழிகிறது என வினவுதல் இன்றியமையாதது.